நாற்பது நிமிடப் பாட்டும் சத்தமில்லாப் பெட்டியும்

பாட்டு மூன்றாவது பகுதிக்கு வந்ததும் மறுபடியும் பொரிய ஆரம்பித்தது. முதலில் ஒரு 'சட்'. அப்புறம் சூடான இரும்பில் தண்ணீர் தெளித்தாற்போல் 'சடசட'. பிறகு கீபோர்டின் நாதம் கந்தல் துணி மாதிரிக் கிழிந்து, திரை அப்படியே நின்றுவிட்டது. நீச்சல் டீச்சர் மவுஸை இழுத்தாள், தட்டினாள், தூக்கி மேஜையில் வைத்தாள். அம்புக்குறி இருந்த இடத்தை விட்டு நகரவில்லை.

"நாசமாப் போ" என்றாள். கம்ப்யூட்டரைத்தான் சொன்னாள். கடந்த இரண்டு வாரமாக வீட்டில் அவள் அதிகம் பேசியது அதனோடுதான்.

ஊர்ப் பொது நீச்சல் குளத்தில் மூட்டு வலிக்காரர்களுக்கு வகுப்பு எடுப்பவள் அவள். இடுப்பளவுத் தண்ணீரில் நிற்க வைத்து, காலைத் தூக்கு, இறக்கு, கையை விரி, மடக்கு என்று ஆட்டி வைப்பது அவள் வேலை. அதற்குப் பாட்டு வேண்டும். கடையில் கிடைக்கிற பாட்டெல்லாம் தரையில் ஆடுகிறவர்களுக்கானது. தரையில் ஒரு தாளத்தில் முடிகிற காலசைவு தண்ணீருக்குள் இரண்டு தாளம் கேட்கும். வேகமான பாட்டைப் போட்டால் வயதானவர்கள் மூச்சு வாங்குவார்கள். மெதுவான பாட்டைப் போட்டால் பாதிப் பேர் நின்று கதை பேசுவார்கள். இந்தக் குறையை ஒருநாள் குளத்து மேலாளரிடம் சொல்லப் போய், அவர், "உங்களுக்குத்தான் கீபோர்டு வாசிக்கத் தெரியுமே டீச்சர், நீங்களே ஒண்ணு பண்ணிடுங்களேன். அடுத்த மாசம் போய் அதுக்கடுத்த மாசம் முதல் தேதி புது வகுப்பு" என்று சொல்லிவிட்டார். வாய் சும்மா இருக்காமல் "பண்ணிடலாம் சார்" என்றது. நாற்பது நிமிடம், எட்டுப் பகுதி, நடுவில் நிற்கவே கூடாது. வாய்தான் எப்போதும் அவளை மாட்டிவிடுவது.

மகள் விடுதியில் தங்கிப் படிக்கப் போனதிலிருந்து அவள் அறை காலியாகத்தான் கிடந்தது. அங்கே மேஜையைப் போட்டு, கம்ப்யூட்டரில் இசைப் பதிவு சாஃப்ட்வேரை ஏற்றி, மைக்கைச் செருகி முதல் நாள் பாடிப் பதிந்தபோது, பாட்டுக்குப் பின்னால் 'ஹூ' என்று ஒரு இரைச்சல் விடாமல் கேட்டது. கணவரைக் கூப்பிட்டாள். அவர் லிஃப்ட் மெக்கானிக். பதினைந்து மாடிக் கட்டடத்தின் அடியில் நின்று காதைக் கொடுத்தே எந்த மாடியில் எந்த உருளை தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். ஹெட்போனை மாட்டி இரண்டே நொடி கேட்டார்.

"பாட்டுல ஒண்ணும் இல்ல. கம்ப்யூட்டர் ஃபேன். மைக் அதைப் பிடிக்குது."

"என்ன பண்றது?"

"நான் பாத்துக்கறேன்."

இரண்டு ஞாயிற்றுக்கிழமை வாசலில் அறுவை, இழைப்பு, பிசின் நாற்றம். மூன்றாம் ஞாயிறு பெட்டி உள்ளே வந்தது. கனமான பிளைவுட், உள்ளே நான்கு பக்கமும் விரற்கடை தடிமனுக்குப் பஞ்சு, கதவைச் சுற்றி ரப்பர் பட்டை, காந்தத் தாழ். ஒயர் போகிற ஓட்டையைக்கூடப் பஞ்சு வைத்து அடைத்திருந்தார். கம்ப்யூட்டரை உள்ளே தள்ளி, கதவைத் திறந்து திறந்து மூடிக் காட்டினார்.

"கேளு. இப்ப கேளு. கேக்குதா?"

கேட்கவில்லை. துளிகூடக் கேட்கவில்லை. அவர் முகத்தில் இருந்த பூரிப்பை அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் தனக்காக ஒருவர் இரண்டு ஞாயிற்றுக்கிழமையைத் தூக்கிக் கொடுத்தது இதுதான் முதல் தடவை என்றுகூடத் தோன்றியது.

தொல்லை அதற்கடுத்த நாளே ஆரம்பித்தது.

கம்ப்யூட்டரைப் போட்டதும் கால் மணி நேரம் குழந்தை மாதிரிச் சமர்த்தாக ஓடும். அதன்பின் பொரியும், திணறும், நிற்கும். கணவரைக் கூப்பிடுவாள். அவர் வந்து, பெட்டிக் கதவைத் திறந்து, தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, டார்ச்சை அடித்து, ஒவ்வொரு ஒயராகத் தொட்டுப் பார்த்து, ஒன்றிரண்டைப் பிடுங்கிச் செருகி, பத்து நிமிடம் கழித்து, "இப்ப போடு" என்பார். போடுவாள். பாட்டு வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் போகும்.

"நல்லாத்தானே ஓடுது."

கதவை 'டப்' என்று சாத்திவிட்டுப் போய்விடுவார். அடுத்த இருபது நிமிடத்தில் பழைய கதை. இப்படி ஐந்து முறை. ஐந்து முறையும் அதே "நல்லாத்தானே ஓடுது". பல் வலியோடு மருத்துவரிடம் போனால் நாற்காலியில் உட்கார்ந்ததும் வலி நின்றுவிடுமே, அப்படி. ஆறாவது முறை அவர் கூடவே ஒரு விளக்கமும் கொடுத்தார்.

"நீ அவசரப்படற. எல்லாத்தையும் ஒரே நேரத்துல அமுக்கற. மெஷின் பாவம் என்ன பண்ணும்?"

"நான் ஒண்ணையும் அமுக்கல. கையைக் கட்டிக்கிட்டுப் பாட்டைக் கேட்டுட்டுதான் இருந்தேன்."

"அப்ப ஏன் நான் வந்தா மட்டும் ஓடுது?"

அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

வேறு வழியில்லாமல் தம்பிக்குப் போன் போட்டாள். அவன் கம்ப்யூட்டர் விற்பதும் பழுது பார்ப்பதுமாகக் கடை வைத்திருக்கிறான். கணவர் காதில் விழாதபடி மாடிப்படியில் நின்று பேசினாள். விழுந்தால், 'உன் தம்பி சொன்னாத்தான் உனக்கு வேதவாக்கு' என்று தொடங்கிவிடுவார்.

"பாட்டு ஓடும்போது வேற எதெல்லாம் திறந்து வச்சிருக்க?" என்றான் தம்பி.

"ஒண்ணும் இல்லடா."

"நல்லா பாரு அக்கா."

பார்த்தாள். முழங்கால் பயிற்சி பற்றிய இணையப் பக்கங்கள் மட்டும் பதினேழு திறந்திருந்தன. மகளின் படங்கள் எங்கேயோ போய் ஏறிக்கொண்டிருந்தன. வைரஸ் பிடிக்கும் மென்பொருள் ஒன்று யாரும் கேட்காமலே வீடு முழுக்கச் சோதனை போட்டுக்கொண்டிருந்தது. எல்லாவற்றையும் மூடினாள். கரண்டை மிச்சம் பிடிக்கும் ஏற்பாட்டை எடுத்துவிட்டு முழு வேகத்தில் ஓட வைக்கச் சொன்னான். வைத்தாள். கால் மணி நேரம் ஓடிக்கொண்டிருந்தது இருபது நிமிடம் ஓடியது. அவ்வளவுதான் லாபம்.

"அப்ப பஃபரை ஏத்து" என்றான் மறுநாள். "சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமா சேத்து வச்சு அனுப்பும். கம்ப்யூட்டருக்கு மூச்சு விட நேரம் கிடைக்கும்."

ஏற்றினாள். பொரிவது குறைந்தது. ஆனால் பாட உட்கார்ந்தபோது வேறொரு கண்றாவி. அவள் பாடிய சொல் ஹெட்போனில் அரைக்கணம் தாமதமாக அவள் காதுக்கே திரும்பி வந்தது. 'காலை மெல்ல' என்று அவள் பாடினால், 'மெல்ல'வுக்குள் அவள் போகும்போது காதில் 'காலை' வந்து நிற்கும். யாரோ பின்னால் உட்கார்ந்து பழிப்புக் காட்டுவதுபோல் இருந்தது. குரலுக்குக் காத்திருந்தால் தாளம் ஓடிவிடும். தாளத்தைப் பிடித்தால் நாக்கு குழறும். ஒரே வரியைப் பதினொரு முறை பாடிவிட்டு ஹெட்போனைக் கட்டிலில் வீசினாள்.

"பஃபரைக் குறைச்சா பொரியுது, ஏத்தினா லேட்டா வருது. நான் எங்கடா போறது?"

"பாடும்போது குறைச்சுக்கோ, எல்லாத்தையும் சேத்துக் கலக்கும்போது ஏத்திக்கோ. ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனியா டிராக் இருக்குல்ல, முடிஞ்சதை எல்லாம் ஃப்ரீஸ் பண்ணிடு. அப்படியே உறைஞ்சு நின்னுடும், கம்ப்யூட்டருக்குப் பாரம் குறையும்."

எட்டு டிராக்கை உறைய வைத்தாள். வைத்த பிறகுதான் இரண்டாவது பகுதியில் கீபோர்டில் வாசித்த புல்லாங்குழல் அரைச் சுரம் கீழே இருப்பது தெரிந்தது. அதைத் திருத்த மறுபடி உருக்கி, திருத்தி, மறுபடி உறைய வைத்து, அது முடிவதற்குள் திரை நின்று, எல்லாம் போய், முதலிலிருந்து. அன்றைக்கு அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்ததுகூட அவளுக்குத் தெரியவில்லை.

தம்பிக்கே அலுத்துப்போனது. "நீ சொல்றதைக் கேட்டா சூடாகுற மாதிரி இருக்கு. கம்ப்யூட்டரை எங்க வச்சிருக்க?"

டீச்சர் மாடிப்படியில் இன்னும் இரண்டு படி கீழே இறங்கினாள்.

"மேஜை மேலதான்."

"காத்து போகுதா?"

"நல்லா போகுது."

அந்தப் பொய்க்கு ஒரு காரணம் இருந்தது. நான்கு வருஷத்துக்கு முன் அவள் கணவர் கூடத்துக்கு ஒரு புத்தக அலமாரி செய்தார். வீட்டுக்கு வந்த தம்பி, ஒரு பக்கம் சாய்ந்து நின்ற அதைப் பார்த்து, "மாமா, கப்பல் எப்ப கிளம்புது?" என்று கேட்டுவிட்டான். அவன் அந்த வருஷம் முழுக்க அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். அவர் மூன்று மாதம் வீட்டில் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. இப்போது கம்ப்யூட்டரைப் பெட்டியில் போட்டு அடைத்திருக்கிறார் என்று தெரிந்தால் அவன் விடுவானா?

பொய் சொல்லிவிட்டு அவள் அதை மறந்தும் போனாள். சூடு என்று அவன் சொன்னதே அவள் மனதில் ஒட்டவில்லை. எங்கேயோ மனசுக்குள் ஒட்டவிடக் கூடாது என்று இருந்ததோ என்னவோ.

முதல் தேதிக்குப் பன்னிரண்டு நாள் இருந்தபோது ஒரு காலை, நடுவழியில் நின்றுபோன லிஃப்டைப் பார்க்கக் கணவர் அவசரமாகக் கிளம்பிப் போய்விட்டார். அவள் ஒரு மணி நேரமாகத் திணறும் கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். ஹெட்போன் ஒயர் பெட்டிக் கதவிடுக்கில் மாட்டிக்கொண்டது. குனிந்து கதவைத் திறந்தாள்.

கொதிக்கும் பானையின் மூடியைத் திறந்தாற்போல் அனல் முகத்தில் அடித்தது. கம்ப்யூட்டரின் பக்கவாட்டுத் தகட்டில் கை வைத்தவள், 'ஸ்' என்று எடுத்துக்கொண்டாள்.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். 'நான் வந்தா மட்டும் ஏன் ஓடுது?' அவர் வந்தால் கதவைத் திறக்கிறார். பத்து நிமிடம் டார்ச் அடிக்கிறார். அது குளிர்ந்துவிடுகிறது. ஓடுகிறது. கதவைச் சாத்திவிட்டுப் போகிறார்.

கதவைத் திறந்தே வைத்துவிட்டுப் பாட்டை ஓட விட்டாள். பத்து நிமிடம், இருபது நிமிடம், ஒரு மணி, இரண்டு மணி. ஒரு 'சட்' இல்லை. அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்ததும் ஆத்திரம் வந்தது. மூன்று வாரம்! பதினேழு பக்கம் மூடி, பஃபர் ஏற்றி, பஃபர் இறக்கி, உறைய வைத்து, உருக்கி, ஒரே வரியைப் பதினொரு முறை பாடி, கடைசியில் 'நீ அவசரப்படற' என்று பேச்சும் வாங்கி!

சாயங்காலம் வரட்டும், கேட்டுவிடலாம் என்று இருந்தாள். எப்படி ஆரம்பிப்பது என்று சொல்லியும் பார்த்தாள். அவர் கையெல்லாம் கிரீஸோடு வந்து, நாற்காலியில் சாய்ந்து, "இன்னிக்கு எப்படி?" என்றார்.

"நல்லா ஓடுச்சு" என்று வந்தது அவள் வாயிலிருந்து.

"சொன்னேன்ல? பொறுமையா பண்ணணும்."

அவள் எழுந்து சமையலறைக்குப் போய், தேவையே இல்லாமல் இரண்டு பாத்திரத்தைக் கழுவினாள்.

அதிலிருந்து அவர் கிளம்பியதும் கதவைத் திறப்பாள். அவர் வண்டிச் சத்தம் தெருமுனையில் கேட்டதும் சாத்துவாள். பாடும்போது மட்டும் பத்து நிமிடம் மூடிக்கொண்டு பாடிவிட்டுத் திறந்துவிடுவாள். சொந்த வீட்டில் திருடி மாதிரி இருந்தது. ஆனால் வேலை நடந்தது. ஆறு பகுதி முடிந்துவிட்டது. அப்படியே காதும் காதும் வைத்ததுபோல் முடித்திருக்கலாம். அவர்தான் விடவில்லை. தன்னோடு வேலை செய்கிறவர்களிடமெல்லாம் போனில் பெட்டிப் பெருமை பேச ஆரம்பித்தார்.

"ஸ்டுடியோவுல கூட இப்படி இருக்காதுப்பா. அதுக்கப்புறம் எங்க வீட்டுக் கம்ப்யூட்டர் பறக்குது! உன் பையன் கிட்டார் வாசிக்கறான்ல, அவனுக்கும் ஒண்ணு செஞ்சு தரேன்."

பக்கத்து அறையில் டீச்சர் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தம்பி சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றான். "ஒரு வாரமா போனே வரலையே, அக்காவுக்குப் பைத்தியமே பிடிச்சிருச்சோன்னு பாக்க வந்தேன்" என்றான். கணவர் மலர்ந்துபோய், "வா மாப்ள, பாட்டு அறையைப் பாரு" என்று அழைத்துப் போனார். அவள் தடுக்க நினைப்பதற்குள் இருவரும் உள்ளே போய்விட்டார்கள்.

தம்பி பெட்டியைப் பார்த்தான். ரப்பர் பட்டையைப் பார்த்தான். பஞ்சைத் தடவிப் பார்த்தான். பிறகு திரும்பி அவளைப் பார்த்தான்.

"மேஜை மேலன்னு சொன்னியே அக்கா?"

கணவரின் கை காந்தத் தாழிலேயே நின்றது. "யார்கிட்ட சொன்னா?"

"என்கிட்டதான் மாமா. சூடாகுது போலருக்கே, எங்க வச்சிருக்கன்னு கேட்டேன். மேஜை மேல, நல்லா காத்து போகுதுன்னு சொன்னா."

அவர் அவளைப் பார்த்துக் கேட்டார். குரல் உயரவே இல்லை. "ஏன் அப்படிச் சொன்ன?"

நான்கு வாரமாக அடக்கி வைத்திருந்தது அவளுக்கு உடைந்தது.

"வேற என்ன சொல்லச் சொல்றீங்க? சொன்னா இவன் சிரிப்பான். இவன் சிரிச்சா நீங்க மூணு மாசம் மூஞ்சியைத் தூக்கி வச்சுப்பீங்க. அதை யாரு தாங்கறது? அந்தப் பெட்டி உள்ள அடுப்பு மாதிரி கொதிக்குதுங்க! கதவைத் திறந்து வச்சாதான் ஓடுது. நீங்க வந்தா ஓடறதுக்கு அதுதான் காரணம். நீங்க திறக்கறீங்க, அது ஆறிடுது. ஒரு வாரமா நீங்க போனதும் திறந்து, வந்ததும் மூடிட்டிருக்கேன். என் வீட்டுல நானே திருட்டுத்தனம் பண்ணிட்டிருக்கேன்!"

"தண்ணி குடிச்சிட்டு வரேன்" என்று தம்பி நழுவினான்.

கணவர் வெளியே போனார். போய்விட்டார் என்றுதான் அவள் நினைத்தாள். திரும்பி வந்தவர் கையில், தொடாமலே சூட்டை அளக்கும் துப்பாக்கி மாதிரிக் கருவி இருந்தது. மோட்டார்களுக்கு வைத்துப் பார்ப்பது. தம்பியைக் கூப்பிட்டுக் கம்ப்யூட்டரின் பக்கத் தகட்டைக் கழற்றச் சொன்னார். பெட்டிக்குள் வைத்துக் கதவைச் சாத்தினார்.

"பாட்டைப் போடு."

மூவரும் உட்கார்ந்து கேட்டார்கள். அவர் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பதினெட்டாவது நிமிடம் 'சட்' என்றது. அடுத்து 'சடசட'. எழுந்து கதவைத் திறந்து கருவியை உள்ளே நீட்டினார்.

"எழுபத்தெட்டு டிகிரி."

"நடுவுல சிப்பு இன்னும் சூடா இருக்கும் மாமா" என்றான் தம்பி மெதுவாக. "எரிஞ்சு போகாம இருக்கத் தன் வேகத்தைத் தானே குறைச்சுக்குது. அதான் பொரியுது."

அவர் அந்த எண்ணையே வெகுநேரம் பார்த்தார். "ஒரு மோட்டார் இவ்வளவு சூடானா நான் லிஃப்டையே பூட்டிட்டு வந்திருப்பேன். மோட்டார் ரூம்ல ஜன்னல் வைக்கலைன்னு போன வாரம்தான் ஒரு கட்டடத்துல சண்டை போட்டேன்." தம்பியின் உதடு துடிப்பதைப் பார்த்துவிட்டார். "சிரி மாப்ள. சிரிச்சுத் தொலை, மூச்சு முட்டிச் செத்துடாத."

தம்பி சிரித்தான். அவர் சிரிக்கவில்லை, அவளும்தான்.

அவன் போன பிறகு, அவர் ஸ்குரூ டிரைவரோடு பெட்டியின் கீலைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "பெட்டி தப்புன்னா தப்புன்னு சொல்லிருக்கலாம். நான் என்ன மரக்கட்டையா?"

"அன்னிக்கு அலமாரிக்கு மூணு மாசம் பேசலையே."

"அது உன் தம்பி சிரிச்சதுக்கு. உன்மேல இல்ல."

"பேசாம இருந்தது என்கிட்டயும்தானே?"

அவர் கை நின்றது. அதைப் பற்றி அவர் இதுவரை நினைத்தே பார்க்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. ஒரு ஸ்குரூவைக் கழற்றி அவள் உள்ளங்கையில் வைத்தார். அடுத்ததையும். எல்லாவற்றையும் அவளே பிடித்துக்கொண்டிருந்தாள். கடைசி ஸ்குரூ வந்ததும், "இனிமே எதுவா இருந்தாலும் முதல்ல என்கிட்ட சொல்லு. நான் கத்துனாலும் சொல்லு" என்றார்.

"கத்துங்க, பரவாயில்ல. பேசாம மட்டும் இருக்காதீங்க."

மறுநாள் வேலையிலிருந்து வந்ததும் சுவரில் ஓட்டை போட்டார். கம்ப்யூட்டர், அறைக்கு வெளியே இருந்த வீட்டு நடைக்கு, ஒரு ஸ்டூலின்மேல் குடிபோனது. நீள ஒயர்கள் சுவர் வழியே மேஜைக்கு வந்தன. நடையில் அது எவ்வளவு இரைந்தாலும் மைக்கில் விழவில்லை. முதல் ஓட்டையைத் தப்பான இடத்தில் போட்டு, மின்சார ஒயர் நூலிழையில் தப்ப, இரண்டாவது ஓட்டை போட வேண்டியிருந்தது. சுவர்ப் பொடி கீபோர்டு முழுக்கக் கொட்டியது. டீச்சர் அதற்கு வாய் நிறையத் திட்டினாள். அவரும் பதிலுக்குக் கத்தினார்.

முதல் தேதிக்கு நான்கு நாள் முன்பாக நாற்பது நிமிடமும் முடிந்தது. இருவரும் கட்டிலில் அமர்ந்து முதலிலிருந்து கடைசி வரை கேட்டார்கள். அவர் ஐந்தாவது பகுதியில் தூங்கிவிட்டார். அவள் எழுப்பவில்லை.

புது வகுப்புக்கு இருபத்தாறு பேர் வந்தார்கள். பாட்டு குளத்தின் கூரைக்கடியில் கணீரென்று எழுந்தது. டீச்சர் கரையில் நின்று கையசைக்க, கால்கள் தண்ணீருக்குள் ஒரே நேரத்தில் மேலே வந்தன, இறங்கின. எங்கேயும் நிற்கவில்லை, பொரியவில்லை. வகுப்பு முடிந்ததும் முன்வரிசை அம்மா ஒருவர் தலையைத் துவட்டிக்கொண்டே அருகில் வந்தார்.

"பாட்டு நல்லாருக்கு டீச்சர். நாளைக்குக் கொஞ்சம் சத்தத்தைக் குறைச்சு வைங்க. பக்கத்துல இருக்கறவங்களோட ஒரு வார்த்தை பேச முடியல."

டீச்சர் "சரிங்கம்மா" என்று சிரித்தாள். சாயங்காலம் வீட்டில் இதைச் சொன்னபோது, சாப்பிட்டுக்கொண்டிருந்த கணவர் கையை உதறிக்கொண்டு நிமிர்ந்தார்.

"யாரு அது? எந்த வீடு? அவங்க கட்டடத்துல லிஃப்ட் இருக்கா?"

"சாப்பிடுங்க பேசாம" என்றாள் அவள். "பேசாமன்னா, பேசிக்கிட்டே சாப்பிடுங்க."